தடை: வியாழக்கிழமை நாலு மணி

எங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

கத்தோலிக்க வீட்டுக் கல்யாணம் என்றால், அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிவில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று படிப்பார். அந்த நேரத்தில் ஜனங்கள் காலால் செருப்பைத் துழாவுவார்கள், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார்கள், கறி எடுக்கலாமா மீன் எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். தெரிவிக்க மட்டும் மாட்டார்கள். தெரிந்தவர்கள்கூட வெளியே போய்த்தான் பேசுவார்கள், அதுவும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லம்பள்ளி பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில், என் பெயர் முதல் முறையாக ஓலையில் வந்தது. சின்னப்பன் மகள் ஆக்சிலியாவுக்கும் ஓசூர் தெரசா மகன் மரிய ஆனந்துக்கும் என்று ஃபாதர் பெலிக்ஸ் படித்தார். நான் இரண்டாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயதில் எவ்வளவு வெட்கம் வருமோ அவ்வளவு வந்தது. ஃபாதர் தடை என்ற சொல்லைச் சொல்லி வாயை மூடவில்லை, கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"இருக்குதுங்க சாமி. எனக்கு இருக்குதுங்க."

திரும்பிப் பார்க்கவே வேண்டாம். உலகத்தில் எந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பல் கடிக்கத் தோன்றுமோ அந்தக் குரல். கிருஷ்ணப்பன்.

அவரைப் பற்றி நான் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் தருமபுரியில் மனநல ஆலோசகர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். வந்தவர் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் இந்தக் கதையை அவரே தன் பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சேலம் போகிறவரிடமும் பெங்களூர் போகிறவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் நிலைத்துவிடும்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகக் கிருஷ்ணப்பனுக்குப் பெரிய பேக்கரி. பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், பயம் வந்தால் இரண்டும். பயம் எப்போதும் வரும். ஒரு காரியத்தையும் அவரால் தனியாக முடிவு செய்ய முடியாது. இன்றைக்கு முட்டை பஃப்ஸ் அதிகம் போடுவதா, வெஜ் பஃப்ஸ் அதிகம் போடுவதா என்று காலை ஆறு மணிக்கு யாரையாவது கேட்டாக வேண்டும். நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா, முடி வெட்டலாமா, வெட்டினால் எவ்வளவு, இருமல் வருகிறது, இருமலாமா. இருபத்தாறு வருடம் அவர் மனைவி செல்லி பதில் சொன்னாள். பிறகு ஒருநாள் அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து என் நாற்காலியில் இறக்கிவிட்டாள். இனி இவரை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்குக் கடையில் சுட்ட வர்க்கி இரண்டு கிலோ கொடுத்துவிட்டுப் போனாள். மாடிப்படியில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது எனக்குக் கேட்டது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நாலு மணி அவருடைய நேரம். எட்டு மாதம் ஒரு வியாழக்கிழமையும் தவறியதில்லை. நாலு மணிக்கு என்றால் மூன்றே காலுக்கு வந்து மருந்துக்கடை வாசலில் நிற்பார், மேலே வரலாமா என்று கேட்கப் போன் செய்வார். போன் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டேன். மறுநாள் காலையில், இன்றைக்குப் போன் செய்யாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லப் போன் செய்தார். நான் அன்று போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பொறுமை எங்கள் படிப்பில் ஒரு பாடம். நான் அதில் எல்லைக்கோட்டில் தேறியவள்.

அவருக்கு நான் இரண்டு பயிற்சி கொடுத்திருந்தேன். ஒன்று, வாரத்துக்கு ஒரு புதுக் காரியத்தை யாரையும் கேட்காமல் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு, மனதில் பட்டதை அந்த இடத்திலேயே, அப்போதே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்துப் புதுக் காரியமாக மனிதர் ஒரு கோயிலுக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறார். மேடம் போகிற கோயில் என்றால் பயமாக இருக்காது என்று எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் சாமியார் மைக் வைத்து எல்லோரையும் பார்த்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்கிறார். கடமை என்று வேறு சொல்கிறார். இரண்டாவது பயிற்சியையும் அங்கேயே முடித்துவிட்டார்.

இதில் என் தப்பும் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கிளினிக்கை மூடிவிட்டு ஓசூர் போகப்போகிறேன் என்று மற்ற எல்லோரிடமும் சொல்லி, சேலத்தில் ஒரு நல்ல ஆலோசகரின் நம்பரும் கொடுத்துவிட்டேன். கிருஷ்ணப்பனிடம் மட்டும் சொல்லவில்லை. நாலு வியாழக்கிழமை ஒத்திப் போட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. ஆகவே மனிதர் கல்யாணத்தை ஓலையில்தான் கேட்டார்; கிளினிக்கை மூடுவது பற்றி ஓசூர் போனில் நான் பேசி அவர் காதில் விழுந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஃபாதர் பெலிக்ஸ் சாமியாராகி முதலில் பொறுப்பேற்ற பங்கு எங்கள் ஊர்தான். சின்ன வயது, சட்டப் புத்தகத்தை நாள்தோறும் துடைத்து வைக்கிறவர். வேறு சாமியாராக இருந்தால், உட்காருங்கப்பா என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பியிருப்பார். இவரோ முகம் சிவந்து, ஒருவர் தடை சொன்ன பிறகு அதை எழுதி வாங்கி விசாரிக்காமல் அடுத்த ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லி, கிருஷ்ணப்பனைப் பங்கு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

கல்யாணம் மாசி மாதம் மூன்றாவது ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை. அதே வாரம் புதன்கிழமை திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஒரு ஓலை தள்ளிப்போனால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று ஆகிவிடும். மாப்பிள்ளையின் அம்மா தெரசாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முதலிலிருந்தே அரை மனது. பெண்ணுக்கு வயது அதிகம், உடம்பில் சதை இல்லை, அதுவும் பைத்தியம் பார்க்கிற வேலை என்று சொன்னவர். இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்த அரை மனதும் ஓசூரிலேயே நின்றுவிடும். எனக்கோ ஆனந்தைப் பிடித்திருந்தது. முப்பத்தைந்து வயதுவரை எத்தனையோ பேர் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பேசும்போது என் முகத்தைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அலுவலகச் சுவர் ஓரம் வேப்பமரத்தடியில் நின்றேன். பங்கு மக்கள் முழுவதும் கறிக்கடையை மறந்து என்னைச் சுற்றி நின்றார்கள். என் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கையில் போன் அடித்தது. பார்த்தால் கிருஷ்ணப்பன். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். மனிதர் ஃபாதருக்கு எதிரில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்திருந்தார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். தடையின் விவரம்னு சாமி ஒரு கோடு போட்டுக் குடுத்திருக்காருங்க. இதுல என்ன எழுதறது?"

என் கல்யாணத்தை நிறுத்துவதற்கு என்ன எழுதுவது என்று என்னையே கேட்டார். தடை ஏதும் இல்லை என்று எழுதிவிட்டு வெளியே வாருங்கள் என்று சொன்னேன். பல்லுக்கு இடையில் சொன்னேன்.

"அது நீங்க சொல்றதுங்க. மனசுல பட்டத எழுதணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அது கிளினிக்கில் சொன்னது என்றேன். கிளினிக்கில் சொன்னது கிளினிக்குக்கு மட்டுமா, வெளியிலும் செல்லுமா என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலே எழுத ஆரம்பித்தார்.

இரண்டு வரி எழுதியிருந்தார். ஃபாதர் வெளியே வந்து எனக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினார். முதல் வரி: வியாழக்கிழமை நாலு மணி. இது திருச்சபைச் சட்டத்தில் இல்லை, இதை நான் பொருட்படுத்தவில்லை என்று ஃபாதர் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வரி: மேடத்துக்குக் கிளினிக்கை மூட மனசு இல்லை, சும்மா சரி சரி என்று சொல்கிறார். ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சம்மதம் முழுமையானதா என்பது சட்டத்தில் இருக்கிறதாம். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரையும் வரச்சொல்லி விசாரித்து, அவர் மனம் நிறைந்தால்தான் இரண்டாவது ஓலை.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி ஓசூர் போய்விட்டது. தெரசா போன் செய்தார். ஓலையில் ஒரு ஆம்பளை எழுந்து நின்றானாமே, யார் அவன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பேஷண்ட் என்றேன். பைத்தியமா என்றார். இல்லீங்க அத்தை, பேக்கரி என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்காகக் கிளினிக்கில் காத்திருந்தேன். வரவில்லை. எட்டு மாதத்தில் முதல் முறை. நாலு ஐந்து ஆனது, நாலு பத்து ஆனது. வாசலை எட்டிப் பார்த்தேன், மருந்துக்கடையிலும் இல்லை. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக அதியமான்கோட்டைக்குப் போனேன். பேஷண்டின் இடத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் சட்டம். அன்று எனக்குச் சட்டம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

பேக்கரிக் கல்லாவில் செல்லி இருந்தாள். என்னைப் பார்த்ததும் பின்பக்கம் அழைத்துப் போய், அடுப்பு அறைக்குப் பக்கத்தில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். கிருஷ்ணப்பன் அங்கே பன்னுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மேடம் கோபமாக இருப்பீர்கள், வரலாமா வேண்டாமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது, அதனால் வரவில்லை என்றார். ஒழுங்காகத் தடையை வாபஸ் வாங்குங்கள் என்றேன்.

"வாங்கிக்கறன்ங்க. ஆனா நீங்க சொல்லி வாங்குனா அது என் முடிவு இல்லீங்களே மேடம்."

அப்படியானால் நீங்களே முடிவு செய்து வாங்குங்கள் என்றேன். அப்படிச் சொல்வதும் நீங்கள் சொல்வதுதானே என்றார். மாவு மூட்டையை ஓங்கிக் குத்தினேன். வெள்ளையாகப் பறந்தது. மூன்று வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள்.

செல்லி டீயைக் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்தாறு வருசம் நான் பாத்தன் மேடம். எட்டு மாசம் நீங்க பாத்தீங்க. இப்ப மறுபடியும் என் தலையிலயே எறக்கி வெச்சுட்டு ஓசூருக்குப் போறீங்களே, இது ஞாயமா? காலைல ஆறு மணிக்கு நான் தூங்கறன் மேடம். கல்யாணமாகி இப்பத்தான் தூங்கறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கிருஷ்ணப்பன் எண்ணெய்ப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பஃப்ஸுக்கு வைக்கும் டிஷ்யூ பேப்பரில் ஒரு கட்டு எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு காலிப் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு எதிரே, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக, நான் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்.

"இப்ப உங்க மனசுல என்ன ஓடுது மேடம்?"

இது என் கேள்வி. எட்டு மாதம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கேட்ட கேள்வி. அதே சாய்வு, அதே நிதானம். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் இருந்து வேறு ஏதோ வந்தது. நிச்சயதார்த்தம் அன்று தெரசா, இனி இந்த வேலை எல்லாம் எதற்கு, ஓசூரில் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்று சொன்னது. நான் சரிங்க அத்தை என்று சொன்னது. இந்த வயதில் இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று பயந்து சொன்னது. எல்லாவற்றையும் அந்த மாவு மூட்டைகளுக்கு நடுவில் கொட்டினேன். மூடப்போகிற கிளினிக்குக்குப் போன மாதம் புதுப் பெயர்ப்பலகை எழுதி மாட்டினீர்களே, புது ஃபேன் போட்டீர்களே, அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றார் கிருஷ்ணப்பன். ஓசூரில் இருந்து போன் வந்தால் ஐந்து தடவை சரிங்க அத்தை சொல்கிறீர்கள், ஐந்தாவது சரிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள் என்றார். எண்ணியிருக்கிறார் மனிதர். என் காசு கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாப்பிள்ளையிடம் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. நான் பேசினால் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு மனிதரிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் மனதில் பட்டதைச் சொல்லு என்று பாடம் எடுக்கிறவள். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஒரு கட்டு டிஷ்யூவும் தீர்ந்துபோனது.

சனிக்கிழமை காலை ஓசூர் ரயிலில் ஆனந்தும் தெரசாவும் வந்தார்கள். தெரசா கையில் குடை, முகத்தில் கல்யாணத்தை நிறுத்திவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன் என்று எழுதி ஒட்டியிருந்தது. தடை சொன்னவரும் வர வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்ததால் கிருஷ்ணப்பனும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. அலுவலக வாசல் பெஞ்சில் தெரசாவையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஃபாதர் எங்களை உள்ளே கூப்பிட்டார். எனக்குப் போகவே மனதில்லை. தனியாக விட்டால் அந்த மனிதர் தெரசாவிடம் இன்னும் எதை எதைச் சொல்லுவாரோ.

உள்ளே ஃபாதர் புத்தகத்தைத் திறந்து கேட்பதற்கு முன்னால் நானே ஆனந்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். எனக்குக் கிளினிக்கை மூட விருப்பம் இல்லை, என்ன சொல்கிறீர்கள் என்று. ஆனந்த் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் ஈஸ்டர் வரைக்கும் வாழ்ந்து முடித்துவிட்டேன்.

"நீங்களே விட்டுடறேன்னு சொன்னதா அம்மா சொன்னாங்க. எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துது. உங்க விருப்பம்னு நெனச்சு நானும் கேக்கல. ஓசூர் ரயில் தருமபுரி வழியாத்தானே போகுது, வியாழன், வெள்ளி, சனி வந்துட்டுப் போங்க. ஆனா அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. எனக்கு பயம்."

பயமாம். ஓசூர் தொழிற்சாலையில் எண்பது பேருக்கு சூப்பர்வைசர். எனக்குச் சிரித்துவிட வேண்டும்போல இருந்தது, ஃபாதர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். நான் சொல்கிறேன் என்று எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எத்தனை சரிங்க அத்தை பாக்கி இருக்கிறதோ அத்தனையையும் வாசலிலேயே விட்டுவிடுவது என்ற முடிவோடு கதவைத் திறந்தேன்.

வெளியே வேப்பமரத்தடிக்கு பெஞ்ச் நகர்ந்திருந்தது. தெரசாவின் குடை தரையில் கிடந்தது. கிருஷ்ணப்பன் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்திருந்தார். தெரசா கையில் பேக்கரி டிஷ்யூ. வீட்டுக்காரர் போன பிறகு ஆறு வருடமாக அந்த வீட்டில் மதியம் பேச ஆள் இல்லை, பையன் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறான், மருமகளாவது பகலில் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னேன், அது தப்பா என்று தெரசா அழுதுகொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் தலையை மட்டும் ஆட்டினார். நான் ஆட்டுவதுபோல, இரண்டு தடவை மெதுவாக, ஒரு தடவை வேகமாக.

தெரசா என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஆளு நல்லா கேக்கறாரு. உங்கிட்டயா கத்துகிட்டாரு?"

ஆமாங்க அத்தை என்றேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் தருமபுரிக்கு வந்துதான் போவேன், மற்ற நாலு நாள் மதியம் உங்களோடுதான் சாப்பிடுவேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கிருஷ்ணப்பனைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் வழக்கம்போல முடிவை அவரிடமே விட்டுவிட்டார். தெரசா குடையை எடுத்து மண்ணைத் தட்டினார். சரி, சனிக்கிழமை வரும்போது வர்க்கி வாங்கி வா என்றார். அது சம்மதமா என்று ஃபாதர் சன்னமான குரலில் என்னைக் கேட்டார். சம்மதம்தான் ஃபாதர், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் இரண்டாவது ஓலை ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது. கிருஷ்ணப்பன் வரவில்லை. இடையில் வந்த வியாழக்கிழமையும் வரவில்லை. கல்யாண வேலையில் நான் அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாவது ஓலை. அன்று கோயிலில் கூட்டம் வழிந்தது. வழக்கமாகப் பாதியில் எழுந்து போகிறவர்கள்கூட உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் ஓலையைப் படித்துத் தடை என்ற இடத்துக்கு வந்ததும், ஒரு செருப்பும் தேடப்படவில்லை, ஒரு மூக்கும் துடைக்கப்படவில்லை. பங்கு மொத்தமும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. அங்கே கிருஷ்ணப்பனும் செல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் எழுந்தார். என் அப்பா எனக்குப் பக்கத்தில் ஏசுவே என்றார்.

"தடை இல்லீங்க சாமி. அந்தக் காயிதத்துல மொத வரி இருக்குது பாருங்க, வியாழக்கிழமை நாலு மணி, அதையும் அடிச்சுடுங்க. எனக்கு இனி வேணாங்க. யாரையும் கேக்கல. நானா முடிவு பண்ணுனது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். செல்லி வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தாள், அவளுக்கே தெரியாது போல. பின்னால் யாரோ கை தட்ட, கோயில் முழுவதும் தட்டியது. ஃபாதர் தடுக்கவில்லை. நான் மட்டும் தட்டவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எட்டு மாதம், முப்பத்துமூன்று வியாழக்கிழமை, கடைசியில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி இப்படி ஒரு முடிவு எடுக்கலாம்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்று அடுக்குக் கேக்கை அதியமான்கோட்டையில் இருந்து அனுப்பியிருந்தார். அதில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கவில்லை. மணமக்கள் வாழ்க என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை ஓசூர் ரயில் ஏறித் தருமபுரி வந்து கிளினிக்கைத் திறந்தேன். புது ஃபேன் ஓடியது. காலையில் மூன்று பேர் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். மூன்றே காலுக்கு ஜன்னல் வழியாக மருந்துக்கடை வாசலைப் பார்த்தேன். நாலு மணிக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாலு பத்துக்குப் போனை எடுத்தேன். இது தொழில் முறையில் சரியல்ல, எனக்குத் தெரியும். அவர் எடுத்ததும் கடைச் சத்தமும் லாரி ஹாரனும் கேட்டன. என்ன கேட்பது என்று தெரியாமல், இன்றைக்கு முட்டை பஃப்ஸ் அதிகமா, வெஜ் பஃப்ஸ் அதிகமா என்று கேட்டேன்.

"ரெண்டும் சரிபாதிங்க மேடம். கடைல கூட்டம் இருக்குது, வெக்கறன்ங்க."

வைத்துவிட்டார். அவரோடு பேசிய இத்தனை மாதத்தில் எனக்கு முந்தி அவர் போனை வைத்தது அன்றுதான்.